புள்ளி நான்கு விநாடி

கேபிள் கணக்குப் போடுகிறவளிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எவ்வளவு லோடு தாங்கும்?" இருபது வருடமாக இதையே கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. லோடு என்பது கேபிளின் அன்றாட குணம். பட்டியலைப் புரட்டினால் எவரும் சொல்லிவிடலாம். ஆனால் ஒருவரோடு குடித்தனம் நடத்த அவருடைய அன்றாட குணம் மட்டும் தெரிந்தால் போதுமா? கோபம் தலைக்கேறினால் என்ன செய்வார் என்றும் தெரிய வேண்டாமா? கேபிளுக்கு அந்தக் கோபம்தான் ஷார்ட் சர்க்யூட். சாதுவாக நூறு ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்த கம்பியில் ஒரு கணத்தில் பன்னிரண்டாயிரம் பாயும். எவ்வளவு பாய்கிறது என்பது பாதிக் கணக்கு. பிரேக்கர் அதை எவ்வளவு சீக்கிரம் அறுத்துவிடுகிறது என்பது மீதிக் கணக்கு. அறுக்கத் தாமதமானால் செம்பு கொதித்து, மேலே போர்த்தியிருக்கும் பிளாஸ்டிக் உருகிப் பற்றிக்கொள்ளும். தாமதம் கூடக்கூடக் கம்பியும் தடிக்க வேண்டும். என் பிழைப்பு முழுவதும் இந்த மூன்று வரிதான்.

நான் கணக்கில் வந்ததைவிட ஒன்றிரண்டு சைஸ் தூக்கிப் போடுகிறவள். ஆபீஸில் முதுகுக்குப் பின்னால் எனக்குப் பெயர் "தடிக்கம்பி". தெரியும், கண்டுகொள்ளமாட்டேன். என் கம்பி எதுவும் இதுவரை எரிந்ததில்லை என்ற திமிர் எனக்கு உண்டு. உண்டு என்ன, இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் புதுக் கொட்டகை கட்டினார்கள். வாளியும் அதன் மூடியும் செய்கிற இடம். என் தம்பி அங்கேதான் எலக்ட்ரீஷியன். கொட்டகைக்குப் போகிற கேபிளை நான் கணக்குப் போட்டேன். பன்னிரண்டாயிரம் ஆம்பியர், பிரேக்கர் அறுக்கும் நேரம் புள்ளி ஒன்று விநாடி. கம்பியின் தடிமன் முப்பத்து மூன்று சதுர மில்லிமீட்டர் என்று வந்தது. சந்தையில் கிடைக்கும் அடுத்த சைஸ் முப்பத்தைந்து. வழக்கம்போல எழுபது போடப் போனேன். சுவருக்குள் ஏற்கெனவே பதித்திருந்த குழாயில் எழுபது நுழையாது என்றார்கள். சுவரை உடைக்க மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. சரி போ என்று முப்பத்தைந்தையே போட்டுவிட்டு, கணக்குத் தாளின் அடியில் சிவப்பு மையில் எழுதினேன்: "டிரிப் நேரம் 0.1ஐத் தாண்டக்கூடாது." கையெழுத்துப் போட்டேன். கோப்பு அலமாரிக்குப் போனது. என் தலையிலிருந்தும் போனது.

அதற்கப்புறம் ஒரு வருடமும் சில மாதமும் கழித்து, ஒரு மதியம், வாயில் சோற்றோடு இருந்தபோது தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டுட்டுதான் இருக்கேன். எதுக்குக் கூப்பிட்டே, சொல்லு."

"புதுக் கொட்டகைல உயிரை வாங்குது அக்கா. ஒரு மெஷின்ல ஹீட்டர் ஷார்ட் ஆனா அந்த மெஷின் பிரேக்கர் மட்டும் விழணும்ல? கூடவே மெயின் போர்டுல இருக்கற கொட்டகை பிரேக்கரும் சேர்ந்து விழுந்துடுது. பத்து மெஷினும் நின்னு போகுது. குழாய்க்குள்ள பிளாஸ்டிக் உறைஞ்சு போய், சுரண்டி எடுக்கறதுக்குள்ள அரை நாள் போயிடுது. மேனேஜர் என்னை நாயை விரட்டற மாதிரி விரட்டறார்."

இது எங்கள் தொழிலில் தினமும் வருகிற வியாதி. மருந்தும் எல்லோருக்கும் தெரியும். கீழே இருக்கும் சின்ன பிரேக்கர் முதலில் விழட்டும் என்று மேலே இருக்கும் பெரிய பிரேக்கரைக் கொஞ்சம் பொறுமையாக இருக்கச் சொல்வோம்.

"இது ஒரு பிரச்சினையாடா? அந்த பிரேக்கர்ல ரெண்டு டயல் இருக்கும் பாரு. உடனே விழற டயலை ஆஃப்ல வை. டிலே டயலை பாயிண்ட் ஃபோர்ல வை. பெரியது பேசாம நிக்கும், சின்னது மட்டும் விழும்."

"கேபிளுக்கு ஒண்ணும் ஆகாதே?"

கேட்டான். அவன் கேட்கத்தான் செய்தான். இதை நான் எத்தனை விதமாகத் திருப்பிப் பார்த்தாலும் அவன் கேட்டான் என்பது மாறுவதில்லை.

"நான் போட்ட கேபிள்டா அது. நான் எப்பவும் தூக்கித்தான் போடுவேன். ஒண்ணும் ஆகாது, போ" என்றேன்.

எழுந்து நாலு அடி நடந்தால் அலமாரி. திறந்தால் தாள். தாளில் சிவப்பு மை. எழுந்திருக்கவில்லை, கை எச்சிலாக இருந்தது.

ஏழு மாதம் கொட்டகை அமைதியாக ஓடியது. மேனேஜர் தம்பியின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அவன் எனக்கு ஒரு நீல வாளியும் மூடியும் கொண்டுவந்து கொடுத்தான்.

எட்டாவது மாதம், ஒரு வேலை நாள், காலை பத்தரை மணி. தாழ்வாரத்தில் தச்சர் ஒருவர் அலமாரி மாட்ட சுவரில் துளை போட்டார். துளை குழாய்க்குள் இறங்கியது, குழாய்க்குள் இருந்த கேபிளிலும் இறங்கியது. பிரேக்கரிலிருந்து சரியாகப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி. பழைய டயலாக இருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒரு டப்பென்ற சத்தம். தச்சர் துளைக்கருவியைக் கீழே போட்டுவிட்டு அலறியிருப்பார். நாலு பேர் ஓடிவந்து அவரைத் திட்டியிருப்பார்கள். அவ்வளவுதான்.

புது டயலில் பிரேக்கர் நான் சொன்னபடி பொறுமையாக நின்றது. அந்தப் புள்ளி நான்கு விநாடியில் பன்னிரண்டு மீட்டர் கேபிளும் ஐந்நூறு டிகிரிக்கு மேலே போனது. அது தாங்கக்கூடியது நூற்று அறுபது. நீளம் முழுக்க ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டது. தாழ்வாரச் சுவருக்குள் இறங்கும் முன் அதில் பெரும்பகுதி ஓடியது பெண்கள் உடைமாற்றும் அறையின் பொய்க்கூரைக்கு மேலே. கேபிள் உறை எரிந்தால் வரும் கரும்புகை தொண்டையில் அமிலம் ஊற்றியதுபோலப் பிடிக்கும். இரண்டு மூச்சுக்கு மேல் யாராலும் நிற்க முடியாது.

மூடியம்மா உள்ளே கழிப்பறையில் இருந்தார். பதினாறு வருடமாக வாளிக்கு மூடி மாட்டிக்கொண்டிருந்த பெண்மணி. அதனால்தான் அந்தப் பெயர். தம்பியை "கரண்டு தம்பி" என்றுதான் கூப்பிடுவாராம், டீ குடிக்கும்போது பெஞ்சில் அவனுக்கு இடம் பிடித்து வைப்பாராம். கதவை உடைத்துத் தூக்கிக்கொண்டு வந்தது தம்பிதான். வாசலில் கிடத்தும்போது உயிர் இல்லை.

மதியம் அவன் கூப்பிட்டான். தொண்டை புகையில் கட்டிப்போயிருந்தது.

"கேபிள் எரிஞ்சிருக்கு அக்கா. மூடியம்மா செத்துப் போச்சு. எப்படி அக்கா கேபிள் எரியும்? பிரேக்கர் விழுந்திருக்கே."

நான் எழுந்து அலமாரிக்குப் போனேன். நாலு அடிதான். தாளை எடுத்தேன். கால்குலேட்டரில் 0.1 இருந்த இடத்தில் 0.4 போட்டேன். அறுபத்தாறு வந்தது. போடவேண்டியது எழுபது. சுவருக்குள் கிடந்தது முப்பத்தைந்து.

"தெரியலைடா, பாத்துச் சொல்றேன்" என்றேன். அதுதான் முதல் பொய்.

மூன்றாம் நாள் மின் ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கேபிள் கணக்கும், கணக்குப் போட்டவரின் வாக்குமூலமும் வேண்டும். எங்கள் முதலாளி என் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சிவப்பு மையைக் கண்டதும் அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"நல்லவேளை, எழுதி வச்சிருக்கீங்க மேடம். நம்ம மேல ஒரு துளி தப்பில்லை. அவங்களா டயலை மாத்தியிருக்காங்க. 'இந்த மாற்றம் குறித்து என்னிடம் யாரும் கேட்கவில்லை'ன்னு ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டுடுங்க." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உங்க தம்பிக்குத்தான் சங்கடம். என்ன பண்றது, இங்கே நீங்க ஆபீஸ் ஆளாத்தான் இருக்கணும்" என்றார்.

கேட்டாரே ஒழிய மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் அவர்மேல் பழியைப் போட்டிருப்பேன். நான் பயந்தேன். வழக்கு, சிறை, இருபது வருடத்துப் பெயர், எல்லாவற்றுக்கும் பயந்தேன். இதற்கு வேறு நல்ல பெயர் எதுவும் கிடையாது. அந்த வரியை என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தம்பியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். அம்மா அவனோடுதான் இருக்கிறாள். விசாரணைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. தினமும் சாயங்காலம் ஆபீஸ் விட்டு அங்கே போவேன். அவன் கலங்கிப்போயிருப்பான் என்று நினைத்துத்தான் முதல் நாள் போனேன். மூடியம்மாவை நினைத்து அழுதான். ஆனால் தன்னைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை.

"நான் என்ன அக்கா தப்பு பண்ணேன்? நீ சொன்ன செட்டிங். உன் கணக்கு தப்பாது. கேபிள் கம்பெனிக்காரன் மட்டமான சரக்கை ஏமாத்தித் தள்ளியிருப்பான், அதைத்தான் சோதிக்கணும்."

"என் பேரைச் சொன்னியா?"

"சொல்லலை. வெளி ஆளுக்கு யோசனை சொன்னா உங்க ஆபீஸ்ல உன்னை ஏசுவாங்கல்ல? விசாரணைக்கு உன்னையும்தான் கூப்பிட்டிருக்காங்க. அங்கே நீயே டெக்னிக்கலா எடுத்துச் சொல்லிடு. நான் சொன்னா எவன் நம்புவான்? நான் வெறும் ஸ்பேனர் பிடிக்கிறவன்."

அம்மா தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். "அக்கா இருக்கும்போது உனக்கென்னடா" என்றாள். நான் குனிந்து தின்றேன். இப்போது சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் சோற்றைத்தான் போட்டேன். இருபத்தொரு நாள்.

ராத்திரியில் தூக்கம் பிடிப்பதாகச் சொன்னான். "கதவை உடைக்கறது திரும்பத் திரும்ப வருது அக்கா. ஆனா நம்ம கையால நடக்கலைங்கற ஒண்ணுதான் தூங்க வைக்குது." அதைக் கேட்ட பிறகு சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது. அல்லது அப்படிச் சொல்லிக்கொண்டேன்.

விசாரணைக்கு முந்தின நாள் முடிவெடுத்தேன். அவனிடம் தனியாகச் சொல்லும் தைரியம்தான் வரவில்லை. சபையில் எல்லோர் முன்னாலும் ஒரேயடியாக உடைத்துவிடுவது என்று தீர்மானித்தேன். ஒருத்தனிடம் சொல்வதைவிடப் பத்துப் பேரிடம் சொல்வது எளிதாக இருந்தது.

தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் மின் ஆய்வாளர், மூக்குக் கண்ணாடியும் நிதானமுமாக. அவர் பக்கத்தில் மேனேஜர். எதிரே தம்பி, சலவைச் சட்டை போட்டிருந்தான். சுவரோரமாக மூடியம்மாவின் மகள். இருபத்தைந்து வயதிருக்கும், அம்மாவின் தொழிற்சாலை அடையாள அட்டையைக் கையில் வைத்திருந்தாள்.

முதலில் தம்பியைக் கேட்டார்கள்.

"டயலைத் திருப்பினது யாரு?"

"நான்தான் சார்."

"ஏன்?"

அவன் உறைந்த பிளாஸ்டிக் கதையைத் தெளிவாகச் சொன்னான். "அது சரியான செட்டிங்தான் சார். கணக்குத் தெரிஞ்சவங்க இங்கேயே இருக்காங்க. அவங்களைக் கேளுங்க." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். பரீட்சையில் நன்றாக எழுதிவிட்டு வெளியே வருகிற பையனின் முகம் அது.

ஆய்வாளர் என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க மேடம். இந்தக் கேபிளுக்கு பாயிண்ட் ஃபோர் சரியா?"

"சரியில்லை சார்."

"கொஞ்சம் விளக்குங்க."

"பாயிண்ட் ஒண்ணுக்கு முப்பத்தஞ்சு போதும். பாயிண்ட் ஃபோர்னா எழுபது வேணும். டயல் அங்கே இருந்தா, பிரேக்கருக்குப் பக்கத்துல எங்க ஷார்ட் ஆனாலும் கேபிள் எரியும். நல்ல கேபிளா இருந்தாலும் எரியும்."

தம்பியின் பக்கம் நான் பார்க்கவில்லை. நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது கேட்டது.

"இதை நீங்க தாள்லயே எழுதியிருக்கீங்க. சிவப்பு மையில. இந்த அளவுக்குக் கவனமா எழுதறவங்களை நான் அதிகம் பார்த்ததில்லை" என்றார் ஆய்வாளர். உண்மையான மரியாதையோடு சொன்னார்.

"சார், அந்த டயலை மாத்தச் சொன்னதே நான்தான்."

நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். மதியச் சாப்பாடு, போன், அவன் கேபிளைப் பற்றிக் கேட்டது, நான் ஒன்றும் ஆகாது என்றது, எல்லாம். சொல்லி முடித்தபோது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது. அந்த இதத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஆய்வாளர் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் நகர்த்தினார். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"'என்னிடம் யாரும் கேட்கவில்லை.' இதுவும் உங்க கைதான். அப்போ இது பொய்யா, இப்போ சொல்றது பொய்யா?"

"அது பொய் சார்."

மேனேஜர் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவர் உங்க கூடப்பிறந்த தம்பியா?"

"ஆமா. போன்ல பேசின பதிவு இருக்கும் சார், எடுத்துப் பாருங்க."

"அக்காவும் தம்பியும் போன்ல பேசறது ஒரு சாட்சியாம்மா? தினம் பேசியிருப்பீங்க." அவர் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. என்னைப் பார்த்து இரக்கப்பட்டார். "எனக்கும் கூடப்பிறந்தவங்க இருக்காங்க. புரியுது."

சுவரோரத்திலிருந்து மகள் எழுந்தாள். "உங்க தம்பியைக் காப்பாத்த எங்கம்மா சாவுதான் கிடைச்சுதா? நல்லா இருக்கீங்களே! இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீங்க?"

நியாயமான கேள்வி. அவள் தப்பான காரணத்துக்காகக் கேட்டாள், அவ்வளவுதான்.

ஆய்வாளர் தம்பியிடம் திரும்பினார். "நீயே சொல்லிடுப்பா. இவங்க உன்கிட்ட டயலை மாத்தச் சொன்னாங்களா? சொன்னாங்கன்னா வழக்கே வேற மாதிரி போகும். யோசிச்சுச் சொல்லு."

நான் அவனைப் பார்த்தேன். அப்போதுதான் பார்த்தேன். அவன் மேஜையின் மேல் வைத்திருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான். யாருடைய கையோ என்பதுபோல. பிறகு தலை நிமிர்ந்தான்.

"மேடம் என்கிட்ட எதுவும் சொல்லலை சார். நானாத்தான் திருப்பினேன்."

பிறந்ததிலிருந்து அவன் வாயில் எனக்கு அக்கா என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது.

ஆய்வாளர் எழுதினார். தம்பி கையெழுத்துப் போட்டான். மேலே வழக்கு நடக்கும், அதுவரை ஊரைவிட்டுப் போகக்கூடாது என்றார்கள். என் பேச்சைக் குறிப்பில் சேர்க்கவில்லை. "உங்க நல்லதுக்குத்தான்மா" என்றார் ஆய்வாளர்.

தாழ்வாரத்தில் அவன் பின்னால் ஓடினேன். சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஏண்டா அப்படிச் சொன்னே? பைத்தியமா உனக்கு? உள்ளே தள்ளிடுவாங்கடா."

"உனக்கு என்னைக்குத் தெரியும்?"

"என்ன?"

"பாயிண்ட் ஃபோர் தப்புன்னு உனக்கு என்னைக்குத் தெரியும்?"

பொய் சொல்ல வாய் தயாராக இருந்தது. இம்முறை முடியவில்லை. "அன்னைக்கே. கேபிள் எரிஞ்சுதுன்னு நீ போன் பண்ணின அன்னைக்கே."

அவன் தலையாட்டினான். கண் சிவந்திருந்தது, அழவில்லை.

"மூணு வாரம் எதிர்ல உக்காந்து தின்னியே. நான் பாட்டுக்கு என் கையால ஒண்ணும் நடக்கலைன்னு உளறிட்டே இருந்தேன். அதையும் கேட்டுட்டு இருந்தே." என் விரல்களைச் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். முரட்டுத்தனமாக இல்லை, ஒயரிலிருந்து டேப்பைப் பிரிப்பதுபோல நிதானமாக. "இப்ப பத்துப் பேர் முன்னாடி இறக்கி வச்சுட்டு லேசா வீட்டுக்குப் போகலாம்னு வந்தியா?"

"நான் உண்மையைத்தானேடா சொன்னேன். நீ எதுக்குப் பொய் சொன்னே?"

"நான் எங்கே பொய் சொன்னேன்? நீ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததைத்தான் நானும் சொன்னேன்."

படியில் இறங்கிப் போனான். சுவரோரமாகப் புது கேபிள் இழுத்துக்கொண்டிருந்த இரண்டு ஆட்கள் அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அவன் போனதும் என்னைப் பார்த்து ஒருவன் மரியாதையாகக் கேட்டான்: "மேடம், இது எவ்வளவு லோடு தாங்கும்?"